பல்லாங்குழியில் ஒரு ‘அ’

எழுதப் படிக்கத் தெரியாத இரண்டரை வயதுக் குழந்தையைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். தனக்குப் பிடித்த பிஸ்கட் பாக்கெட்டைச் சரியாகக் கை காட்டிக் கேட்கும். அதன் மேல் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தின் நிறமும் வளைவும் தெரியும். பஸ்ஸின் நெற்றியில் ஏதோ எழுதியிருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா "இது நம்ம பஸ் இல்ல" என்கிறார் என்பதும் தெரியும். சுவரில் போஸ்டர், தாத்தா கையில் பேப்பர், அடுப்படியில் காலண்டர். கோடும் வளைவுமாக இருப்பதெல்லாம் எதையோ சொல்கிறது என்ற சேதி, பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்குள் ஆயிரம் முறை கண் வழியாக உள்ளே போய்விடுகிறது. யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

கண் தெரியாத குழந்தைக்கு அந்த ஆயிரத்தில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. தாத்தா பேப்பர் படிக்கும்போது அதற்குக் கிடைப்பது தாளின் சரசரப்பு மட்டும்தான். இப்படி வளர்ந்த குழந்தையை ஐந்து வயதில் பள்ளியில் சேர்த்து, புள்ளி குத்திய தடித்த தாளை முன்னால் வைத்து, "இதத் தடவு, இதுதான் அ" என்றால் அதற்கு என்ன விளங்கும்? சொரசொரவென்று ஒரு தாள், அவ்வளவுதான்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் கையால் செய்து கற்கும் எழுத்தறிவுச் செயல்பாடுகள். எழுத்து வருவதற்கு முன்பே, எழுத்து என்று ஒன்று இருக்கிறது, அதனால் ஆகும் காரியம் இன்னது என்பதைக் கை வழியாகக் காட்டிவிடுவது. நான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் ஒரு சிறப்பாசிரியர். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போவேன். "பென்சிலே பிடிக்காத பிள்ள எப்படி டீச்சர் எழுதப் படிக்கும்?" என்று கேட்காத அம்மா குறைவு. பென்சில் பிடிக்க வேண்டாம்மா, முதலில் சாமான்களைப் பிடிக்கட்டும் என்பேன். அவர்களுக்கு அது பதிலாகவே தோன்றாது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பஞ்சு ஒட்டிய ஆடு

எல்லோரும் முதலில் செய்யும் தவற்றை நானும் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரவெல்லாம் விழித்திருந்து ஒரு சார்ட் தயாரித்தேன். அட்டையில் ஆட்டுப் படம் வரைந்து, உடம்பு முழுக்கப் பஞ்சு ஒட்டி, கண்ணுக்கு ஒரு மிளகு, காலுக்கு நாலு தீக்குச்சி. மறுநாள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் பெருமையோடு கொடுத்தேன். நன்றாகத் தடவிவிட்டு, "தலகாணி" என்றாள்.

அவள் வீட்டுக் கொல்லையில் மூன்று வெள்ளாடு கட்டியிருந்தது. தினமும் அகத்திக்கீரை ஒடித்துக் கொடுப்பவள் அவள்தான். அவளுக்கு ஆடு என்றால் வரிவரியான கொம்பு, வெதுவெதுவென்று தொங்கும் காது, கீரையை வெடுக்கென்று பிடுங்கும் ஈர வாய், அந்த வாடை. பக்கவாட்டில் நின்று பத்தடி தள்ளிப் பார்த்தால் தெரிகிற உருவக்கோடு அவள் கைக்கு என்றைக்குமே அகப்பட்டதில்லை. அகப்படவும் போவதில்லை. அதோடு, நம் ஊர் வெள்ளாட்டுக்குப் பஞ்சு ஏது? எங்கேயோ பார்த்த செம்மறிப் படத்தை நினைத்துக்கொண்டு ஒட்டியது அது.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய விஷயம். கண்ணுக்காகச் செய்ததை மேடாக்கிவிட்டால் அது விரலுக்கானது ஆகிவிடாது.

இதே பாடத்தை ஒரு பள்ளிக்கூடமே படித்த கதை உண்டு. வாலந்தின் ஹாயி என்பவர் 1785-இல் பாரிசில் பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அதற்காகச் சாதாரண எழுத்துகளையே பெரிதாக, மேடாக அச்சிட்டுப் புத்தகம் போட்டார். நல்ல மனம்தான். ஆனால் புத்தகங்கள் கனத்தன. ஓர் எழுத்தின் ஓரம் முழுவதையும் தடவி முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் முந்தையது மறந்துபோகும். எழுதுவதற்கோ அதில் வழியே இல்லை. அந்தப் பள்ளிக்கு 1819-இல் பத்து வயதில் வந்து சேர்ந்த பையன் லூயி பிரெயில். அப்பாவின் தோல் பட்டறையில் கூர்மையான கருவி கண்ணில் குத்தி, மூன்று வயதில் தொடங்கிய தொல்லை, ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணையும் பறித்துவிட்டது. சார்ல் பார்பியே என்பவர் விரலால் தடவிப் படிப்பதற்காக உருவாக்கியிருந்த பன்னிரண்டு புள்ளி முறை அவனுக்குத் தெரியவந்தது. பன்னிரண்டு புள்ளி ஒரு விரல் நுனிக்குள் அடங்காது. அதை ஆறாகக் குறைத்தான். 1824-இல் முறை தயாரானபோது அவனுக்கு வயது பதினைந்து. 1829-இல் அது புத்தகமாக வந்தது. பார்வையுள்ளவர்கள் எழுத்தை மேடாக்கிக் கொடுத்தார்கள். விரலால் வாழ்ந்த பையன் விரலுக்கென்று ஓர் எழுத்தைச் செய்தான். அவன் பெயராலேயே அதை பிரெயில் என்கிறோம். நான் பஞ்சு ஒட்டியதும் ஹாயி எழுத்தை உப்ப வைத்ததும் ஒரே ரகம்தான் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன்.

பெட்டிக்குள் கதை

சரி, படம் வேண்டாமென்றால் கதை சொல்வது எப்படி? கதைப் பெட்டி வைத்துச் சொல்வோம். ஒரு கதையில் வரும் சாமான்களை நிஜமாகவே ஒரு பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, கதையில் அவை வரும்போது எடுத்துக் கொடுத்துக்கொண்டே போவதுதான் அது. ஷூ வந்த அட்டைப் பெட்டி போதும்.

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் ஒரு சின்ன வாணலி, ஜல்லிக் கரண்டி, ஒரு காக்கை இறகு, இலையோடு ஒடித்த வேப்பங்கிளை. வடை அன்றன்றைக்கு வாங்கியது. பாட்டி வடை தட்டும்போது குழந்தை கையில் கொஞ்சம் மாவைக் கொடுத்துத் தட்டச் சொல்ல வேண்டும். நடுவில் ஓட்டையும் அதுவே போடட்டும். காக்கா கொத்திக்கொண்டு பறக்கும்போது இறகைக் கன்னத்தில் தடவிவிட்டு, வடையைக் கையிலிருந்து வெடுக்கென்று பறிக்க வேண்டும். பிள்ளை கத்தும். கத்தினால்தான் பாட்டியின் ஆத்திரம் அதற்குப் புரிந்தது என்று அர்த்தம். நான் சொன்ன முதல் தடவை, காக்கா வருவதற்குள் வடை பாதி காலி.

சிக்கல் நரியில்தான். நரியைக் கொண்டுவர முடியாது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் நரியைக் கொடுத்தால், நரி என்றால் வழவழவென்று, குளிர்ச்சியாக, கட்டைவிரல் அளவில் இருக்கும் என்று குழந்தை முடிவு செய்துவிடும். யானை பொம்மையும் அப்படித்தான். பார்வையுள்ள குழந்தை பொம்மை யானையைப் பார்க்கும்போது தெருவில் பார்த்த நிஜ யானையோடு சேர்த்துக்கொள்கிறது. இந்தக் குழந்தைக்குச் சேர்த்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் நரிக்கு நான் குரலை மட்டும் கொடுத்துவிடுவேன். நம் தெரு நாயைப் போல இருக்கும், வால் மட்டும் இன்னும் புசுபுசுவென்று இருக்கும் என்று சொல்வேன். தெரு நாயைத் தொட்ட பிள்ளைக்கு அது போதும். தொடாத பிள்ளை என்றால், அடுத்த வேலை நல்ல குணமுள்ள ஒரு நாயைத் தேடிப் பிடிப்பது.

கதை சொல்லும்போது, அதே கதையை நாலு வரி பிரெயிலில் அடித்த தாள் ஒன்று குழந்தையின் மடியில் இருக்க வேண்டும். அதற்கு இன்னும் ஓர் எழுத்தும் தெரியாது. பரவாயில்லை. நாம் வரியைச் சொல்லும்போது அது கையை ஓட விடட்டும். கண் தெரிந்த குழந்தை தலைகீழாகப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ‘படிப்பதை’ ரசிக்கிறோம் அல்லவா, அது இந்தப் பிள்ளைக்கும் உள்ள உரிமை. கடிக்கட்டும், கசக்கட்டும், தாள் போனால் போகட்டும்.

பெட்டியை அடுத்து, அனுபவப் புத்தகம். கதைப் பெட்டியைவிட இதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் கதாநாயகி குழந்தையேதான். சந்தைக்குப் போய்வந்தால் அன்று கையில் கிடைத்ததையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும். பஸ் டிக்கெட், கடலை மடித்துக் கொடுத்த பொட்டலத் தாள், பூ கட்டிய வாழைநார், பஸ் சீட்டின் உறை மாதிரியான ஒரு துண்டு ரெக்சின். மறுநாள் தடித்த அட்டைகளில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே ஒரு வரி, குழந்தை சொன்ன வார்த்தையிலேயே. "கடலை சூடா இருந்துச்சு." பிரெயிலிலும் சாதாரண எழுத்திலும் எழுத வேண்டும். அப்போதுதான் அண்ணனும் அத்தையும் கூட உட்கார்ந்து படிக்க முடியும். வரி எப்போதும் பக்கத்தின் ஒரே இடத்தில் வரட்டும். தேடி அலைந்தால் கைக்குச் சலிப்பு வந்துவிடும். ஓரத்தில் ஓட்டை போட்டு வளையம் மாட்டினால் புத்தகம் பரப்பினபடி கிடக்கும், இரண்டு கையாலும் தடவ வசதி.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பஸ்ஸுக்கு அடையாளமாகப் பொம்மை பஸ்ஸை ஒட்டவில்லை, ரெக்சினை ஒட்டியிருக்கிறோம். சக்கரம் வைத்த நீளப் பெட்டி என்ற பஸ்ஸின் வடிவம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த பஸ் தொடையில் ஒட்டும் சீட், கையில் சில்லென்று படும் கம்பி, டீசல் நாற்றம், கண்டக்டரின் விசில். எதை ஒட்டலாம் என்று குழப்பம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடத்தில் கை எதைத் தொட்டது என்று யோசியுங்கள், விடை வந்துவிடும்.

கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

வீட்டில் உள்ளவர்கள் ஆசையாகச் செய்யும் காரியம், குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து "இந்தா தொடு, இதத் தொடு" என்று சாமான் மீது அழுத்துவது. உங்கள் தலையை ஒருவர் இரண்டு கையாலும் பிடித்து "இங்க பாரு" என்று திருப்பினால் எப்படி இருக்கும்? அதுதான் இது. அதற்குக் கைதான் கண். இரண்டு மூன்று தடவை இப்படி இழுக்கப்பட்ட பிள்ளை கையை மடக்கி வைத்துக்கொள்ளும். பிசுபிசுப்பான எதையும் தொட மறுக்கும். அதைத் திரும்பத் திறக்க மாதக்கணக்கில் ஆகும்.

மாற்று வழி எளிது. உங்கள் கை கீழே, குழந்தையின் கை மேலே. நீங்கள் சாமானைத் தொடுங்கள். அதன் கை உங்கள் கைமேல் ஏறி வரட்டும். தைரியம் வந்ததும் விரல்கள் தாமாகவே உங்கள் விரலிடுக்கில் இறங்கிச் சாமானைத் தொடும். வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளும். அந்தச் சுதந்திரம் இருப்பதால்தான் மறுபடி வரும்.

‘பாரு’ என்ற சொல்லைச் சொல்லலாமா என்று தயங்குகிறவர்களும் உண்டு. தாராளமாகச் சொல்லலாம். தமிழில் தொட்டுப் பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம், தின்று பார்க்கிறோம். நான் பழகிய பிள்ளைகள் எல்லாமே "குடுங்க டீச்சர், பாக்குறேன்" என்றுதான் கை நீட்டும்.

விரலுக்குப் பயிற்சி என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம், சமையலறை போதும். பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது, துணிக் கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டுவது, பூ கட்டுவது. இவை விரலுக்கு வலு. நுண்மைக்கு, பிரித்தெடுக்கும் விளையாட்டு. உளுந்தையும் துவரம்பருப்பையும் கலந்துவைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். அது பழகினால் முழு உளுந்தையும் உடைத்த உளுந்தையும் கலந்து கொடுங்கள். எல்லாம் ஒன்று போலவே இருப்பதில் வேறாக இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் பிரெயில் படிப்பின் அடிப்படை. சின்னப் பிள்ளை என்றால் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மூக்கிலும் காதிலும் பருப்பு போக ஒரு நிமிஷம் போதும்.

அப்புறம் வரி. எழுத்து இடமிருந்து வலமாக ஒரு நேர்க்கோட்டில் போகும் என்பதே அந்தக் கைக்குப் புதுச் செய்தி. அட்டையில் சணல் கயிற்றை நேராக ஒட்டி, முடிவில் ஒரு பட்டன் வையுங்கள். கயிற்றைப் பிடித்துப் போனால் பட்டன் கிடைக்கும். பிறகு ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று கயிறு. வலது கை ஒரு வரியை முடிக்கும்போது இடது கை அடுத்த வரியின் தொடக்கத்தில் போய்க் காத்திருக்க வேண்டும். நன்றாக பிரெயில் படிக்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், இரண்டு கையும் இப்படித்தான் மாற்றி மாற்றி வேலை செய்யும்.

ஆறு குழி

இப்போதுதான் எழுத்துக்கு வருகிறோம். பிரெயில் எழுத்து ஒவ்வொன்றும் ஆறு புள்ளி இடங்களுக்குள் அடங்கும். இரண்டு பத்தி, பத்திக்கு மூன்று. இந்த ஆறு இடமும் சேர்ந்தது ஒரு கட்டம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. எந்தெந்த இடத்தில் புள்ளி மேடாக இருக்கிறது என்பதை வைத்து எழுத்து மாறும். ஒரு புள்ளியாவது உள்ள சேர்க்கைகள் மொத்தம் 63.

வெளிநாட்டுப் பள்ளிகளில் இதைக் கேக் சுடும் ஆறு குழித் தட்டில் பந்து வைத்துக் காட்டுவார்கள். நமக்கு அதைவிட அருமையான சாமான் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. பல்லாங்குழியை எடுத்து நிமிர்த்தி, குறுகிய பக்கம் குழந்தையைப் பார்க்க வையுங்கள். இரண்டு பத்தியாகக் குழிகள் கீழே இறங்கும். மேல் மூன்று வரிசையை விட்டுவிட்டு மீதியைத் துண்டால் மூடுங்கள். ஆறு குழி தயார். மேலே இடப்பக்கக் குழியில் ஒரே ஒரு புளியங்கொட்டை போட்டால் அதுதான் ‘அ’. இடப்பக்கத்தின் மூன்று குழியிலும் போட்டால் ‘ல’. நடுவில் உள்ளதை எடுத்துவிட்டால் 1, 3 மட்டும் மிஞ்சும், அது ‘க’. இப்படி ஒரு கொட்டையை எடுத்தால் எழுத்து மாறுகிறது என்பதைக் குழந்தையே செய்து பார்க்கும்போது வருகிற சிரிப்பைச் சொல்லி மாளாது.

முட்டை அட்டையை மூன்றுக்கு இரண்டாக வெட்டினாலும் இதே வேலை நடக்கும். அதன்பின் கல் பதித்த ஒட்டுப்பொட்டு. அட்டையில் ஆறு இடம் குறித்து ஒட்டலாம். புள்ளிக் கோலம் தெரிந்த அம்மாக்களுக்கு இது கைவந்த கலை. பொட்டு வைத்து, சுற்றிக் கம்பளி நூல் ஓட்டி, மேல் வரிசை, கீழ் வரிசை, பக்கத்துப் புள்ளி என்று பேசிப் பேசி விளையாட்டாகவே இடங்களைப் பழக்கிவிடுவார்கள்.

ஆனால் பல்லாங்குழியிலேயே தங்கிவிடக் கூடாது. ஆசிரியர்கள் சிலர் மாதக்கணக்கில் முட்டை அட்டையோடு நிற்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நிஜ பிரெயில் எழுத்து ஒரு விரல் நுனிக்குள் அடங்குவது. புள்ளியின் உயரம் ஏறக்குறைய 0.5 மில்லிமீட்டர், புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 2.5 மில்லிமீட்டர் அளவு. அதை எண்ணிப் படிப்பதில்லை. விரல் நகரும்போது ஒரு நெருடலாக, ஓர் உருவமாக ‘க’ என்று உறைக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பழகிய பிள்ளை கடைசி வரை எண்ணிக்கொண்டே இருக்கும். எனவே பெரிய குழி, எழுத்து எப்படிக் கட்டப்படுகிறது என்று காட்டுவதற்கு மட்டும். படிப்பது முதல் நாளிலிருந்தே நிஜ அளவில் நடக்கட்டும். ஒரு வரி முழுக்க ‘ல’ அடித்து நடுவில் ஒரே ஒரு ‘அ’ வைத்து, "இதுல திருடன் எங்க இருக்கான்?" என்று தேட விடுங்கள். அழுத்தக் கூடாது, இறகு போல மேலாகத் தடவ வேண்டும். அழுத்தினால் புள்ளியும் மழுங்கும், விரலும் மரத்துவிடும்.

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு நல்ல செய்தி. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. (நம் பாரதியாருக்கும் இதற்கும் தொடர்பில்லை, பாரத நாட்டு மொழிகளுக்கானது என்ற பொருளில் வந்த பெயர்.) ஒலியை வைத்து எழுத்து அமைத்திருப்பதால் தமிழ் ‘க’வும் இந்தி ‘க’வும் மலையாள ‘க’வும் விரலுக்கு ஒன்றுதான். ஆங்கிலத்தின் ‘கே’ எழுத்துக்கும் அதே புள்ளிகள். அதைவிட முக்கியம், 247 எழுத்துக்கும் தனித்தனி வடிவம் படிக்க வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் ஆய்தமும் தெரிந்தால் போதும், உயிர்மெய்யை அடுத்தடுத்து வைத்துக்கொள்ளலாம். ‘கா’ என்றால் க, பக்கத்தில் ஆ. ‘கொ’ என்பதை அச்சில் எழுத முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் படும் பாடு நமக்குத் தெரியும். பிரெயிலில் க, ஒ. முடிந்தது.

புள்ளி வைத்த மெய் மட்டும் கொஞ்சம் வேடிக்கை. அச்சில் புள்ளி தலைமேல் வரும். பிரெயிலில் அது தனிக் கட்டமாக, எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், 4-ஆம் புள்ளி மட்டும். ‘அம்மா’ என்று எழுதினால் விரலுக்குக் கிடைப்பது ஐந்து கட்டம்: அ, புள்ளிக்குறி, ம, மறுபடி ம, ஆ. "டீச்சர், புள்ளி ஏன் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி வருது?" என்று ஒரு பையன் கேட்டான். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அதன் பெயரே முந்திரிக்கொட்டை.

எழுதுவதற்கு இரண்டு வழி. ஒன்று பெர்கின்ஸ் பிரெயிலர் என்ற தட்டச்சுப் பொறி. ஆறு புள்ளிக்கு ஆறு விசை, நடுவில் இடைவெளிக்கு ஒன்று. இடக்கை ஆட்காட்டி விரலுக்கு 1, நடுவிரலுக்கு 2, மோதிர விரலுக்கு 3. வலக்கையில் அதே வரிசையில் 4, 5, 6. அடித்ததும் எழுத்து மேலே வந்துவிடும், உடனே தடவிப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அருமையான கருவி, விலைதான் எட்டாது. மற்றது ஸ்லேட்டும் ஸ்டைலஸும். சட்டத்துக்குள் தாளைச் சொருகி, ஊசி போன்ற எழுத்தாணியால் குத்துவது. மேடு தாளின் மறுபக்கம் வருவதால் வலமிருந்து இடமாக எழுதித் தாளைத் திருப்பிப் படிக்க வேண்டும். பெரியவர்கள் இதைக் கேட்டதும் மிரண்டுவிடுகிறார்கள். இடம் வலம் என்று பேசாமல், போகும் திசையில் முதல் பத்தி, இரண்டாம் பத்தி என்று சொல்லிக் கொடுத்தால் குழந்தைகள் அலட்டிக்கொள்வதே இல்லை. சட்டமும் தாளும் வேண்டுமென்றால் உங்கள் பகுதியில் கல்வித் துறை நடத்தும் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைக் கேளுங்கள்.

கொஞ்சம் பார்வை உள்ள பிள்ளைகள்

பார்வைக் குறைபாடு என்றால் முழு இருட்டு என்று நினைக்க வேண்டாம். பல குழந்தைகளுக்கு ஏதோ கொஞ்சம் தெரியும். அவர்களுக்கு எழுத்தின் அளவைவிட நிற வேறுபாடு பெரிய உதவி. வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்த இட்லியைத் தேடித் தடவும் பிள்ளை, வாழை இலையில் வைத்தால் சட்டென்று எடுக்கும். படிப்பிலும் அதே இட்லிக் கணக்குதான். வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு மார்க்கர், படிக்கும் அட்டை சாய்வாக, வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து. பெரிய எழுத்தா, பிரெயிலா, இரண்டுமா என்பதை வீட்டில் ஊகிக்காமல் கண் மருத்துவரும் சிறப்பாசிரியரும் பரிசோதித்துச் சொல்லட்டும். மூக்கு தாளில் உரச, அரைப் பக்கத்தில் களைத்துப்போகும் பிள்ளையை "கண்ணு தெரியுதே" என்று அச்சிலேயே வதைப்பது மட்டும் கூடாது.

போன்தான் படித்துக் காட்டுகிறதே?

இப்போதெல்லாம் இந்தக் கேள்வி வராத கூட்டமில்லை. போன் பேசுகிறது, கதை சொல்கிறது, பாடம் ஒப்பிக்கிறது. பிறகு எதற்கு இந்தப் புள்ளிப் பாடு?

காதால் மட்டும் தமிழ் கற்ற ஒரு பிள்ளையை எழுதச் சொல்லிப் பாருங்கள். ‘கரை’யும் ‘கறை’யும் நம் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ந, ன இரண்டையும் வேறுபடுத்தி உச்சரிப்பவர் யார்? ழகரம் பல வாய்களில் ளகரமாகிவிடுகிறது. பார்வையுள்ள பிள்ளை இந்த வேறுபாட்டைக் கடைப் பலகையிலும் பாடப் புத்தகத்திலும் கண்ணால் பிடித்துவிடும். கேட்டு மட்டுமே வளரும் பிள்ளைக்குப் பிடிக்க ஏதும் இல்லை. பிரெயிலில் ர என்பது 1, 2, 3, 5. ற என்பது 1, 2, 4, 5, 6. விரலுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். பேசும் போன் அவசியம்தான், நானே சொல்லித் தருகிறேன். ஆனால் வாசித்துக் கேட்பதையும் வாசிப்பதையும் ஒன்றென்று சொல்பவர்கள் தங்கள் பார்வையுள்ள பிள்ளைகளுக்கு ஆடியோ மட்டும் கொடுத்து, அ ஆ கற்றுத்தராமல் விடுவார்களா என்று ஒருமுறை கேட்டேன். பதில் வரவில்லை.

எழுத்து வீட்டுக்குள் புழங்க வேண்டும், அதுதான் காரியம். அடுக்களை டப்பாக்களில் பிரெயில் லேபிள் ஒட்டுங்கள். ‘உப்பு’ ஐந்து கட்டம், ‘சீனி’ நாலு. குழந்தையை எடுத்துவரச் சொல்லுங்கள். அலமாரியில் அதன் தட்டு, பள்ளிப் பை, செருப்பு வைக்கும் இடம் எல்லாவற்றிலும் பெயர். முதலில் படிக்கும் சொல் தன் பெயராகவே இருக்கட்டும்.

நான் முன்பு சொன்னேனே, ஆட்டைத் தலகாணி என்றவள், அவளுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் போனபோது அவள் அண்ணன் என்னை வாசலிலேயே மடக்கினான். தங்கச்சி ஒரு டப்பாவில் புளி மிட்டாய் பதுக்கி வைத்திருக்கிறாளாம், மேலே ஏதோ குத்தி ஒட்டியிருக்கிறாளாம். என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாளாம். "நீங்க படிச்சுச் சொல்லுங்க டீச்சர்." சொல்லவில்லை. தாளில் ஆறு புள்ளி போட்டு எழுத்துகளை எழுதிக் கொடுத்துவிட்டு, நீயே கண்டுபிடி என்றேன். திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் டப்பாவையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். த, ஒ, ட, ஆ என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் கத்தினான்: "தொடாதே!"

உள்ளே இருந்தவளிடம் கேட்டேன். "ஏண்டி, தொடாதேன்னு பிரெயில்ல எழுதி வச்சிருக்க. உன் ஸ்கூல் பிள்ளைங்க வந்தா அதத் தொடாம எப்படிப் படிப்பாங்க?"

"அதான் டீச்சர்" என்றாள். "தொட்டதும் மாட்டிக்குவாங்கல்ல."